சம்பளச் சீட்டின் முதல் வரி

அடிப்படைச் சம்பளம் 1,500 ரிங்கிட், வருகை அலவன்ஸ் 200 ரிங்கிட். சிம்பாங் அம்பாட்டிலிருந்து பத்து காவான் ஆலைக்கு வேலைக்குப் போகும் ஒருவரின் சம்பளச் சீட்டு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,700. அரசாங்கம் சொன்ன குறைந்தபட்ச சம்பளத் தொகைதானே, சரியாகத்தானே கொடுக்கிறார்கள் என்று தோன்றும்.

சரியில்லை. 2011-ஆம் ஆண்டின் தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் குறைந்தபட்ச சம்பளம் என்று சொல்வது அடிப்படைச் சம்பளத்தை மட்டும்தான். அலவன்ஸ் அதற்கு மேல் வர வேண்டியது. இது பற்றிய ஹோட்டல் தொழிலாளர்களின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. வாடிக்கையாளர் கொடுக்கும் சேவைக் கட்டணத்தை எடுத்துக் குறைந்தபட்ச சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பு வந்தது.

எப்படியும் மொத்தம் 1,700 வருகிறதே, இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் ஓ.டி.யில் இருக்கிறது. மாதச் சம்பளத்தை 26 நாளால் வகுத்து, அதை 8 மணி நேரத்தால் வகுத்து, ஒன்றரை மடங்காக்கினால் சாதாரண வேலைநாளின் ஒரு மணி நேர ஓ.டி. கிடைக்கும். 1,700-க்கு அது 12 ரிங்கிட் 26 சென். 1,500-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 10 ரிங்கிட் 82 சென். மாதம் 60 மணி நேரம் ஓ.டி. செய்பவருக்கு 86 ரிங்கிட் குறைகிறது. ஒரு நாள் வராமல் போனால் வருகை அலவன்ஸும் போய்விடலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்த தாய்க்கு அது எவ்வளவு பெரிய அடி!

2011-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முன்பு 1947-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. கடைச் சிப்பந்திகள், ஹோட்டல் ஊழியர்கள், பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் போன்ற சில தொழிலாளர்களுக்கு மட்டுமே அதன்படி குறைந்தபட்ச சம்பள வரம்பு கிடைத்தது. 2013-இல்தான் நாடு தழுவிய வரம்பு வந்தது. தீபகற்பத்தில் 900 ரிங்கிட். 2022-இல் 1,500, 2025-இல் 1,700. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இது உண்டு. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இன்றுவரை இல்லை. இது நியாயமே அல்ல.

சம்பளம் எப்படி இருந்தாலும் வேலையாவது இருக்கிறதே என்பவர்களும் உண்டு. வேலையின்மை மூன்று விழுக்காடு அளவில்தான் இருக்கிறது, கிட்டத்தட்ட எல்லாருக்கும் வேலை இருக்கிறது என்கிறார்கள். கணக்கெடுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலே அவர் வேலையில் இருப்பவராகிவிடுகிறார். அந்தக் கூலியில் வீட்டு வாடகை கட்ட முடியுமா என்பதை அந்த எண் சொல்லாது. கூலி உயர ஒரு வழியாக, திறனுக்கேற்பச் சம்பளத்தைப் படிப்படியாக உயர்த்தும் முற்போக்குச் சம்பளக் கொள்கை 2024-இல் சோதனையாகத் தொடங்கியது. நல்ல யோசனைதான். ஆனால் முதலாளி விரும்பினால் சேரலாம் என்று விட்டிருக்கிறார்கள். விருப்பத்துக்கு விட்டது எல்லா ஆலைக்கும் வந்து சேராது. அரசாங்கம் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது சம்பளச் சீட்டு. அடுத்த மாதம் அது வந்ததும் 'அடிப்படைச் சம்பளம்' என்ற வரியைப் பாருங்கள். 1,700-க்குக் கீழே இருந்தால் சீட்டுகளைப் பத்திரப்படுத்தித் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். குற்றம் நிரூபணமானால், குறைத்துக் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் 10,000 ரிங்கிட் வரை முதலாளிக்கு அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.