ஓடை பார்த்து ஓடம், வீடியோ பார்த்து அல்ல

போன வாரம் தம்பி ஒருத்தர் செல்போனும் கையுமாகத் திண்ணைக்கு வந்தார். கொள்ளிடம் முகத்துவாரத்துக்கிட்ட ஃபைபர் படகு வச்சு மீன் பிடிக்கிறவர். மணல் திட்டுல இடிச்சு இந்த வருஷம் ரெண்டு விசிறி போச்சு. "அண்ணே, இதைப் பாருங்க. மெட்ராஸ்ல இருந்து மச்சான் அனுப்பினான்" என்று ஒரு வீடியோவைக் காட்டினார். கணுக்கால் தண்ணியில் ஒரு படகு சீறிக்கிட்டுப் போகுது. அடியில் விசிறியே இல்லை.

"நம்ம 10 எச்.பி. இன்ஜின்லயும் விசிறியைக் கழட்டிட்டு இந்த ஜெட்டை மாட்டிடலாம்ணே. வீட்டுல வளையலை அடகு வைக்கத்தான் யோசிக்கிறேன்" என்றார். பம்புசெட்டைப் பிரிச்சு மாட்டுறவன் என்பதால் என்னிடம் கேட்க வந்திருக்கார்.

வேண்டாம் என்றேன்.

ஜெட் என்பது நம்ம பம்புசெட்தான். படகுக்கு அடியில் தண்ணியை உறிஞ்சி, இம்பெல்லர் சுத்தி, பின்பக்கம் பீய்ச்சி அடிக்கும். அந்த உதையில் படகு முன்னால் போகும். இதை ஓட்டிக் காட்டியவர் நியூசிலாந்தின் பில் ஹாமில்டன். 1950களில் செஞ்சார். அவர் ஆட்டுப் பண்ணைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1960ல் இந்த வகைப் படகுகள் அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கையே எதிர்நீச்சல் போட்டு ஏறின.

ஆனா அவர் ஊர் ஆறு வேற. கூழாங்கல் மேல் வேகமா ஓடுற, பனிமலைத் தண்ணி. நம்ம முகத்துவாரத்தில் மணல், ஆகாயத்தாமரை, கிழிஞ்ச வலை, பிளாஸ்டிக் பை. ஃபுட்வால்வில் ஒரு கொடி சுத்தினாலே மோட்டார் தண்ணி எடுக்காதுன்னு எந்த விவசாயிக்கும் தெரியும். ஜெட்டின் சல்லடையிலும் அதே கதைதான். மணல் வார்ற போர்ல இம்பெல்லர் தேயுமே, அதுவும் அப்படித்தான். தேய்ஞ்சா உதை குறையும்.

அடுத்தது கணக்கு. அவுட்போர்டில் விசிறிக்குப் பதில் ஜெட் மாட்டினால் சுமார் 30 சதவீதம் சக்தி போயிடும். 10 எச்.பி. 7 ஆகும். வேகம் பிடிச்சுத் தண்ணிமேல எழும்பிச் சறுக்கினால்தான் கணுக்கால் தண்ணி போதும். வலை, ஐஸ், ரெண்டு ஆள் ஏறின படகு 7 எச்.பி.யில் எழும்பாது. விசிறி தட்டாது, படகு தட்டும். தரை தட்டுற இடத்தில் மணலையும் சேர்த்து உறிஞ்சும்.

சேத்து உழவுக்கு டிராக்டரில் ரப்பர் சக்கரத்தைக் கழட்டிட்டு கேஜ் வீல் மாட்டுறோம். தார் ரோட்டுக்கு அதையே கொண்டுபோனால் என்ன ஆகும்? கேஜ் வீல் மேல் தப்பு இல்லை.

"அப்ப என்னதான்ணே பண்றது?" என்றார். திட்டு வர்ற இடத்தில் இன்ஜினைத் தூக்கிட்டுத் துடுப்பு போடுங்க, இல்லைன்னா கையால தூக்கிவிடுற நீளத்தண்டு இன்ஜின் வச்சிருக்கிறவங்ககிட்ட ஒரு நாள் போய்ப் பாருங்க என்றேன். புது விசிறி வாங்குறது செலவுதான். அடகு வச்ச வளையலுக்கு வட்டி கட்டுறது அதைவிடப் பெரிய செலவு. தலையை ஆட்டிட்டுப் போனார். வளையல் இன்னும் அடகுக் கடைக்குப் போகலைன்னு நேத்து சொன்னார்.

நகரத்தில் இருக்கிற சொந்தங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ஊர்க்காரனுக்கு மெஷின் வீடியோ அனுப்புங்க, நல்லதுதான். அது எந்த ஆத்துல, எத்தனை எச்.பி.யில் ஓடுதுன்னும் கேட்டு எழுதி அனுப்புங்க. மச்சான் அனுப்பினதுன்னா இங்கே யாரும் சந்தேகப்படுறதில்லை.