முதல் வீணை வாங்கப்போறீங்களா? மரத்துக்கு முன்னாடி மெட்டைப் பாருங்க!

விஜயதசமி நெருங்கினாலே பல வீடுகளில் எழும் கேள்வி இது: "வீணை கிளாஸ்ல சேர்த்தாச்சு. எந்த வீணை வாங்குறது?"

கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது யாளி முகமும் குடத்தின் மேல் உள்ள பூ வேலைப்பாடும்தான். ஆனால், புதிதாகக் கற்பவருக்கு முக்கியமானது 'மேளம்'.

வீணையின் தண்டியில் கருப்பு மெழுகு பூசி, அதன் மேல் 24 மெட்டுகளைப் பதிப்பதைத்தான் 'மேளம் கட்டுவது' என்கிறார்கள். கைவினைஞர் காதால் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு மெட்டையும் நகர்த்தி ஸ்வரத்தைச் சேர்ப்பார். ஒரு மெட்டு கொஞ்சம் விலகினாலும் அபஸ்வரம்தான்.

தேர்ந்த வித்வான் என்றால், உடனே கண்டுபிடித்துவிடுவார். குழந்தைக்கு அது தெரியாது. "எனக்குத்தான் வாசிக்க வரலை" என்று நினைத்துக்கொள்ளும். சில மாதங்களில் வீணை உறைக்குள் போய்விடும். தப்பு விரலில் இல்லை, மெழுகில் இருந்தது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

போனிலேயே சோதிக்கலாம்

மொபைலில் ஒரு ட்யூனர் ஆப் போதும். முதல் தந்தியான சாரணியை ஸ்ருதி சேர்த்துத் தரச் சொல்லுங்கள். மெட்டைத் தொடாமல் மீட்டினால் ஸ. யாளிப் பக்கமிருந்து எண்ணினால் 7-வது மெட்டில் ப, 12-வது மெட்டில் மேல் ஸ, 24-வது மெட்டில் அதற்கும் மேல் ஸ.

ஆப் 'ஸ ரி க' என்று காட்டாது, ஆங்கில எழுத்தைத்தான் காட்டும். ஸ-வுக்கு எந்த எழுத்து வந்ததோ, அதே எழுத்து 12, 24 இரண்டிலும் வர வேண்டும். முள்ளும் நடுவில் நிற்க வேண்டும். பஞ்சமம், மந்தரம், அநுமந்தரம் தந்திகளிலும் 12-வது மெட்டை இப்படியே பாருங்கள்.

அடுத்து, ஒவ்வொரு மெட்டிலும் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மீட்டச் சொல்லுங்கள். கமகத்துக்கு இது தேவை. கரகரவென்று இரைச்சல் கேட்டால், பக்கத்து மெட்டு உயரமாக இருக்கலாம். மெழுகில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஏகாந்தமா, ஒட்டா?

ஒரே பலா மரத்தில் குடைந்தது ஏகாந்த வீணை. குடம், தண்டி, யாளி முகத்தைத் தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு மதிப்பும் விலையும் அதிகம். ஆனால், சரளி வரிசை பழக மேளம் சரியாக உள்ள ஒட்டு வீணை தாராளமாகப் போதும். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊருக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள பெருமை. நீங்கள் வாங்கும் வீணையில் ஸ்வரம் சேர்கிறதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

சுருதி சேர்க்க உதவும் மரப் பிரடைகள் சிறு கைகளுக்குத் திருக வராது. கிடாரில் இருப்பது போன்ற கியர் பொருத்திய வீணைகளும் கிடைக்கின்றன. குதிரைக்குப் பக்கத்தில் இருக்கும் லங்கர், நுணுக்கமாகச் சுருதி சேர்க்க உதவும். அதை நகர்த்தும் விதத்தைக் கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டியின் வீணை பரண்ல இருக்கா?

அப்படியென்றால் புதிது வாங்க அவசரப்பட வேண்டாம். குடத்திலும் தண்டியிலும் பெரிய விரிசல் இல்லையென்றால், வீணை செய்பவரிடம் கொடுத்துப் புதிதாக மேளம் கட்டித் தந்திகளை மாற்றினாலே மீண்டும் பாடும். மெழுகு நாளாக ஆக இறுகி விரிசல் விடும் என்பதால், எந்த வீணைக்கும் சில வருடங்களுக்கு ஒருமுறை இந்த வேலை தேவைப்படும்.

வாங்கிய பிறகு...

வெயிலில் நிறுத்திய காரில் வீணையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். மெழுகு இளகினால் மெட்டுகள் நகர்ந்துவிடும். ஒரு செட் மாற்றுத் தந்தி கையில் இருக்கட்டும்.

வாங்கப் போவதற்கு முன் ஆசிரியரிடம் எத்தனை கட்டை சுருதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். தந்தியின் கனம் அதைப் பொறுத்தது. முடிந்தால் அவரையே கடைக்கு அழைத்துப் போங்கள். வாசிக்கப்போகும் குழந்தையும் கூட வரட்டும். சம்மணமிட்டு, சுரைக்காயை இடது தொடையில் வைத்து உட்காரும்போது கடைசி மெட்டு வரை கை எட்டுகிறதா என்பதை வேறு யாரும் சொல்ல முடியாது!