மணி அடிக்காத மதுக்கூடம்

2020 மார்ச் 20 அன்று, கரோனா பரவலால் மதுக்கூடங்களை மூடுமாறு பிரிட்டன் அரசு உத்தரவிட்டது. அதே நாளில்தான் ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ விளையாட்டும் வெளியானது. இணைய விளையாட்டுகளில் கூடிய நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்தே மது அருந்தினர். தனிமையைத் தணித்த அவ்வழக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால், பெருந்தொற்று ஓய்ந்த பின்னரும் அது தொடர்வதால் ஒரு கேள்வி எழுகிறது.

போதையில் இருப்பவருக்கு மது விற்பதை அந்நாட்டின் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டம் தடைசெய்கிறது. கடை மூடும் நேரம் நெருங்கினால் மதுக்கூடத்தில் மணி அடிப்பதும் மரபு. வீட்டுத் திரையின் முன் இவ்விரு தடைகளும் இல்லை. நண்பரின் குரல் கேட்கிறது. அவர் எத்தனையாவது கோப்பையில் இருக்கிறார் என்பது தெரிவதில்லை. அதைக் கேட்டறியும் பொறுப்பு உடன் விளையாடுவோருக்கே உரியது. ‘இன்றைக்குப் போதும்’ என்று சொல்ல அவர்கள் தயங்கக் கூடாது.