பி.பி. மாத்திரை: கால் வீங்கினால் நிறுத்திவிடலாமா?

பி.பி. மாத்திரை ஆரம்பித்த பிறகு கணுக்கால் வீங்கினால், 'கிட்னி போச்சு' என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. பல நேரங்களில் அந்த வீக்கம் மாத்திரையால் வருவதுதான்.

அம்லோடிபின், ரத்தக்குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கிறது. தசை தளர்ந்து குழாய் விரிவதால் அழுத்தம் இறங்குகிறது. அப்போது நுண்குழாய்களிலிருந்து நீர் கசிந்து சிலருக்குக் கணுக்காலில் தேங்கும். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். அட்டெனலால் இதயத் துடிப்பைக் குறைப்பதால் சோர்வு வரலாம்.

இவற்றுக்கெல்லாம் வழி இருக்கிறது. டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரைக்கு மாற்றுவார். நீங்களாக நிறுத்தினால் பி.பி. சத்தமில்லாமல் ஏறும், பக்கவாதம் வரை போகலாம். இதய நோயாளிகள் அட்டெனலாலைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்புகூட வரலாம்.

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. குன்றாண்டார்கோவில் போன்ற ஊர்களில் இருப்பவர்கள், மாத்திரை தர வரும் தன்னார்வலரிடமே தொந்தரவைச் சொல்லலாம். பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். கால் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகமும் காரணமாக இருக்கலாம் என்பதால் பரிசோதனை அவசியம்.

உதடு, முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.