உயிர் பிழைத்த பிறகும் தொடரும் போராட்டம்

“ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, அப்பாவுக்கு ஆபத்தில்லை” என்று மருத்துவர் சொன்னதும் குடும்பமே நிம்மதி அடைகிறது. ஆனால், இதயத்துக்குள் இன்னொரு போராட்டம் அப்போதுதான் தொடங்குகிறது.

மாரடைப்பில் இரத்த ஓட்டம் தடைபட்ட இடத்தில் தசை அணுக்கள் மடிகின்றன. அவற்றை அகற்ற வெள்ளை அணுக்கள் விரைந்து வருகின்றன. காயம் ஆற இந்த அழற்சி தேவைதான். அது அளவு மீறினால், தப்பிய தசையும் பாதிக்கப்படும். தழும்பு பெரிதானால் இதயம் வலுவிழக்கும்.

இதைக் கட்டுப்படுத்த, அமெரிக்காவின் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கேரன் கிறிஸ்ட்மன் குழுவினர் ஒரு ஜெல்லை உருவாக்கினர். பன்றி இதயத் தசையிலிருந்து அணுக்களைக் கழுவி நீக்கினால் புரதச் சட்டகம் மிஞ்சும். ஜெல் அதிலிருந்து தயாராகிறது. முதல்கட்டமாக 15 நோயாளிகளுக்குச் செலுத்திச் சோதித்த முடிவுகள் 2019இல் வெளியாயின. ஆனால், அதை இதயத் தசையில் ஊசியால் குத்திச் செலுத்த வேண்டும். மாரடைப்பு வந்தவுடன் அப்படிச் செய்வது ஆபத்து.

எனவே, அதன் நுண்துகள்களை மட்டும் பிரித்தெடுத்து இரத்தக் குழாய் வழியே செலுத்தினர். எலிகளிலும் பன்றிகளிலும் நடந்த சோதனையில், சேதமடைந்த குழாய்ச் சுவரின் இடைவெளிகளை அவை அடைத்தன, அழற்சியும் குறைந்தது.

இது இன்னும் மருத்துவமனைச் சிகிச்சையாக வரவில்லை. இன்று நம் கையில் இருப்பது நேரம் மட்டுமே. நெஞ்சு இறுக்கினால், “வாயுவாக இருக்கும்” என்று காத்திருக்காதீர்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணை உடனே அழையுங்கள்.