யூதர்களும் "தாய்நாடும்"

உலகத்தில் யூதர்களின் ஜனத்தொகை ஒன்றரைக் கோடிக்குச் சற்று அதிகமாகும். 1948-ம் வருஷத்தில் இஸ்ரேல் என்னும் ராஜ்யம் ஏற்பட்டபோது இவர்களில் நூற்றுக்குச் சுமார் 6 பேரே அங்கு இருந்தார்கள். இன்று நூற்றுக்குச் சுமார் 45 பேர் அங்கு இருக்கிறார்கள். மற்றவர்கள் அமெரிக்கா, பிரான்ஸ், கனடா, இங்கிலாந்து முதலிய தேசங்களில் பிறந்து, அந்தந்தத் தேசத்துக்கு வரி கட்டி, அங்கேயே ஓட்டுக் கொடுத்து வாழ்கிறவர்கள். இவர்களுக்கும் அந்த ராஜ்யத்துக்கும் உள்ள சம்பந்தம் என்ன, அது செய்யும் காரியங்களுக்கு இவர்கள் ஜவாப்தாரிகளா என்கிற கேள்வி இன்று அநேக யூதக் குடும்பங்களில் தகப்பனுக்கும் மகனுக்கும் சண்டை மூட்டும் கேள்வியாய் இருந்து வருகிறது.

இதில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு மனிதனை அவன் பிறப்பைக்கொண்டு ஒரு கூட்டத்தாருக்கு உடைமையாக்கலாமா என்பது யூதரை மாத்திரம் பொறுத்த விஷயமல்ல என்பதே நமது பதில்.

யூதர்கள் எல்லோரும் ஆதிமுதலே பாலஸ்தீனம் போய்ச்சேரத் துடித்துக்கொண்டிருந்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. அமெரிக்காவின் சீர்திருத்த யூத குருமார்கள் 1885-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் கூடி, தாங்கள் ஒரு மத சமூகமே தவிர தனி தேசத்தார் அல்லவென்றும், பாலஸ்தீனம் திரும்பும் எண்ணம் தங்களுக்கு இல்லையென்றும் தீர்மானித்தார்கள். 1897-ல் தனிநாட்டுக் கட்சியாரின் முதல் மகாநாட்டை ஜெர்மனியில் மியூனிச் நகரத்தில் நடத்த உத்தேசித்தபோது, அவ்வூர் யூதர்களே ஆட்சேபித்ததால் அது ஸ்விட்சர்லாந்திலுள்ள பேசில் நகரத்துக்குப் போகவேண்டியதாயிற்று.

1917-ல் இங்கிலீஷ் அரசாங்கத்தார் பாலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு தாயகம் ஏற்பட உதவுவதாக வாக்களிக்க முற்பட்டபோது, அதைப் பலமாய் எதிர்த்தவர் அப்போதைய இந்தியா மந்திரி மாண்டேகு. மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் மூலமாய் நம் ஜனங்களுக்குப் பெயர் தெரிந்த அவரும் ஒரு யூதரே. யூதருக்கு வேறொரு நாடு தாயகம் என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு தேசத்தானும் தன் நாட்டு யூதனைப் பார்த்து "உன் ஊருக்குப் போ" என்று சொல்லுவானே என்பதுதான் அவருடைய வாதம். இவரைப் போன்றவர்களின் எதிர்ப்பின் பலனாய் அந்த வாக்குறுதியில் இரண்டு நிபந்தனைகள் நுழைந்தன. பாலஸ்தீனத்திலுள்ள மற்ற ஜனங்களின் சிவில், மத உரிமைகளுக்குக் கெடுதி வரக்கூடாது என்பது ஒன்று. மற்ற தேசங்களில் யூதர் அனுபவிக்கும் உரிமைகளுக்குக் குறைவு வரக்கூடாது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் என்னவாயின என்பதுதான் பிறகு நடந்த சரித்திரமாகும்.

மாண்டேகுவின் வாதத்தை ஹிட்லர் பொய்யாக்கிவிட்டான். ஜெர்மனியே தங்கள் நாடு என்று நம்பியிருந்த யூதர்களை அவன் நாயிலும் கேடாய் நடத்தினான். 1938-ல் 32 தேசங்களின் பிரதிநிதிகள் எவியன் என்ற ஊரில் கூடிப் பேசி, டொமினிக்கன் குடியரசு என்ற சிறு நாட்டைத் தவிர, கையை விரித்துவிட்டார்கள். 1939-ல் 900 பேருக்கு மேற்பட்ட அகதிகளை ஏற்றிச்சென்ற ஒரு கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் திருப்பி அனுப்பின. முடிவில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். இடம் கொடுக்க மறுத்த உலகம், ஓர் இடம் தேடிக்கொண்டவனைப் பழிப்பது யோக்கியதையாகாது. ஆனால் அந்த இடம் காலியிடமாகவும் இல்லை. 1948-ல் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பாலஸ்தீனத்து அராபியர் வீடும் நிலமும் இழந்து அகதிகளானார்கள். ஐரோப்பியன் பட்ட கடனுக்கு அராபியக் குடியானவன் வட்டி கட்டினான். முதல் நிபந்தனை இப்படிப் போயிற்று.

இரண்டாவதற்கு வருவோம். அமெரிக்க யூதர்களின் ராஜபக்தி அமெரிக்காவுக்கே உரியது, இஸ்ரேல் தன் பிரஜைகளுக்காக மாத்திரமே பேசும் என்று பிரதம மந்திரி பென்குரியன் 1950-ல் அமெரிக்க யூதத் தலைவர் பிளாஸ்டீனிடம் ஒப்புக்கொண்டார். காகிதத்தில் இது இருந்தது. நடைமுறையிலோ, முக்கியமாய் 1967-ம் வருஷத்து யுத்த வெற்றிக்குப் பிறகு, வெளிநாட்டு யூதனின் கடமை பணம் அனுப்புவது, பெருமைப்படுவது, குறை கண்டால் வாயை மூடிக்கொள்வது என்ற மூன்றில் அடங்கிற்று.

இவ்வளவு கொடுத்தவனுக்கு அங்கு என்ன மரியாதை? இஸ்ரேலில் யூதரின் கல்யாணம் வைதீக குருமார்கள் கையில் இருக்கிறது. புரோகிதரில்லாத சிவில் விவாகம் அங்கு கிடையாது. வேண்டுமென்கிறவர்கள் கப்பலோ விமானமோ ஏறி சைப்ரஸ் தீவுக்குப் போய் முடித்துக்கொண்டு வருகிறார்கள். அமெரிக்க யூதரில் வைதீகப் பிரிவினர் சுமார் பத்தில் ஒரு பங்கே. மற்றப் பிரிவுகளின் குருமார்கள் அங்கு போய் நடத்தி வைக்கும் கல்யாணம் செல்லாது. 1970-ம் வருஷத்துச் சட்டப்படி, பாட்டனார் ஒருவர் யூதராயிருந்தால் ஒருவன் குடியேறலாம். பட்டாளத்தில் சேர்ந்து சாகலாம். ஆனால் தாயார் யூதரல்லவென்றால், மதம் மாறினாலொழிய, அங்கு ஒரு யூதப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது!

இதன் ருசியை நம் தேசத்தாரே கண்டிருக்கிறார்கள். பம்பாய்க்கு அடுத்த கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை ஓய்வு அனுசரித்ததால் "சனிக்கிழமை எண்ணெய்க்காரர்" என்று பெயர் பெற்ற பெனே இஸ்ரேல் யூதர்கள், 1948-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் அங்கு குடியேறினார்கள். அவர்களுக்குக் கல்யாணம் செய்து வைக்குமுன் தாய்வழிப் பாட்டி பூட்டி வரை பிறப்பை விசாரிக்கவேண்டுமென்று குருமார்கள் உத்தரவு போட்டார்கள். 1964-ல் அவர்கள் ஜெருசலேத்தில் கிளர்ச்சி செய்த பிறகுதான், அவர்கள் சகலவிதத்திலும் யூதரே என்று பார்லிமெண்டு சொல்லிற்று, உத்தரவிலிருந்து அவர்கள் பெயரும் நீங்கிற்று. பரதேசத்தில் எத்தனையோ நூற்றாண்டுகளாய்க் காப்பாற்றி வந்த பிறப்பு, "தாய்நாட்டில்" கால் வைத்தவுடன் சந்தேகத்துக்கு இடமாயிற்று. பிறவியை அளவுகோலாக்குகிறவன் தன் வீட்டுக்குள்ளும் அதைக்கொண்டே அளப்பான் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமா?

2023 அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் கூட்டத்தார் இஸ்ரேலில் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்று, சுமார் 250 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பதிலாக நடந்த யுத்தத்தில் காஸாவில் பல பதினாயிரம் பேர், பெண்களும் குழந்தைகளுமாய் மடிந்தார்கள். அமெரிக்க யூதர்கள் பலர் நவம்பரில் வாஷிங்டனில் இஸ்ரேலுக்கு ஆதரவாய்த் திரண்டார்கள். வேறு பல யூதர்கள் அதற்கு முன்பே நியூயார்க் ரயில் நிலையத்தில் "எங்கள் பேரால் வேண்டாம்" என்று உட்கார்ந்து கைதியானார்கள். மறுபக்கம், 2025 அக்டோபரில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் ஜெபாலயம் தாக்கப்பட்டு இரண்டு பேர் மாண்டார்கள். அவர்கள் இஸ்ரேல் மந்திரிகளுக்கு ஓட்டுப் போட்டவர்களா?

காஸாவுக்காக மான்செஸ்டர் யூதனை அடிக்கிறவனும், யூதனாய்ப் பிறந்ததால் எதிர்த்துப் பேசாதே என்கிறவனும் ஒரே அபிப்பிராயக்காரர்கள்தான். பிறந்த கூட்டமே மனிதன் என்பது இருவருக்கும் வேதம். கைதியாய்ப் போன அந்த வாலிபர்களைத் துரோகிகள் என்று அவர்கள் பெரியோர்களில் சிலர் சொல்லுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். ஆதரிக்கிறவனும் யோசித்து ஆதரிக்கட்டும், எதிர்க்கிறவனும் யோசித்து எதிர்க்கட்டும். பிறப்பு ஒருவனை ஒரு ராஜ்யத்துக்கு அடிமையாக்கவும் வேண்டாம், அதன் குற்றத்துக்குப் பிணையாக்கவும் வேண்டாம். தன் பேரால் நடக்கும் காரியம் நியாயமா என்று கேட்கிறவனே தன் இனத்துக்கும் மற்ற ஜனங்களுக்கும் உண்மையான சிநேகிதனாவான் என்பது நமது அபிப்பிராயம்.