கூலியைக் கொடுக்காதவர்கள் சேமிப்பைப் போதிக்கிறார்கள்!

ஏழைகளுக்குக் கணக்குச் சொல்லித்தர சர்க்காரும் பாங்குகளும் புறப்பட்டிருக்கின்றன. 2016 முதல் ஆண்டுதோறும் ரிசர்வ் பாங்கு ‘நிதிக் கல்வி வாரம்’ நடத்துகிறது. 2025 பிப்ரவரி 24 முதல் 28 வரை நடந்த வாரம் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வரவு செலவு எழுதுங்கள், வீண் செலவைக் குறையுங்கள், சேமியுங்கள், அளவோடு கடன் வாங்குங்கள் என்பதே உபதேசம்.

அதே வாரத்தில் தமிழ்நாட்டின் நிலைமை என்ன? நூறு நாள் வேலையில் வெயிலில் மண் வெட்டிய பெண்களுக்கு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. கூலிப் பாக்கி 1,056 கோடி ரூபாய் என்று ஜனவரியிலேயே முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சிலும் பாக்கி தீரவில்லை. அன்றைய கூலியோ நாளொன்றுக்கு 319 ரூபாய்தான். அதையும் நிறுத்தி வைத்துவிட்டு, ‘அம்மா, சேமித்து வை’ என்று புத்தி சொல்வது கல்வியா, கேலியா என்று கேட்கிறோம்.

யாருக்குக் கணக்குத் தெரியாது?

தண்டல்காரனிடம் பத்தாயிரம் கடன் என்றால் கையில் கிடைப்பது 8,500. நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 1,500 ரூபாய் பறிபோவது தெரியாமலா நம் தாய்மார்கள் அதை வாங்குகிறார்கள்? தெரிந்தேதான் வாங்குகிறார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளி திறந்துவிட்டது, கம்மல் ஏற்கெனவே அடகில். பாங்குக்குப் போனால் ஈடு கேட்கிறான். தண்டல்காரன் வாசலுக்கே வருகிறான். இங்கே இல்லாதது கணக்கறிவு அல்ல, கூலி!

ரிசர்வ் பாங்கு செய்தது என்ன?

2010-இல் ஆந்திராவில் நுண்கடன் கம்பெனிகளின் கொடுமை வெடித்த பிறகு, அவற்றின் வட்டிக்கு ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. 2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் பாங்கு அந்த வரம்பை நீக்கிவிட்டது. வட்டியைக் கம்பெனியே நிர்ணயிக்கலாம். மிதமிஞ்சக் கூடாது என்ற புத்திமதி மட்டும் மிச்சம். குடும்ப வருமானத்தில் பாதி வரை கடன் தவணைக்குப் போகலாம் என்பதும் அதே விதிதான். மாதம் பத்தாயிரம் வரும் வீட்டில் ஐயாயிரம் தவணைக்குப் போனால், மீதி ஐயாயிரத்தில் அரிசி, வாடகை, மருந்து போக எதைச் சேமிப்பது? பாடத் திட்டம் போட்டவர்கள் பதில் சொல்லட்டும்.

விளைவு என்ன? மிதமிஞ்சிய வட்டி வாங்கியதற்காக 2024 அக்டோபரில் நான்கு நிதிக் கம்பெனிகள் புதுக்கடன் கொடுக்க அதே ரிசர்வ் பாங்கு தடை விதிக்க நேர்ந்தது. ஆகவே, ஒழுங்காகப் பாடம் படிக்க வேண்டியவர் யார்?

பெரிய முதலாளிகளுக்கு எந்த வகுப்பு?

2014-15 முதல் 2023-24 வரை பாங்குகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கின. இதில் பெரும்பங்கு பெரிய தொழில், சேவைக் கம்பெனிகளுடையது. ‘இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும்’ என்கிறது மத்திய சர்க்கார். அப்படியே இருக்கட்டும். அந்த முதலாளிகளுக்குச் சிக்கன வகுப்பு எடுத்ததுண்டா? அவர்கள் வாசலில் இரவு எட்டு மணிக்கு ஆள் உட்கார்ந்து அவமானப்படுத்தியதுண்டா?

கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003-லேயே வந்துவிட்டது. இருந்தும் 2017 அக்டோபரில், பலமுறை மனுக் கொடுத்த ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்திலேயே தீக்கிரையானது. அந்தக் குழந்தைகளுக்கு எந்த நிதிப் பாடம் உதவியிருக்கும்?

கல்வி வேண்டாம் என்கிறோமா?

இல்லை. வேண்டும். குறைகிற அசலுக்கு வட்டி குறையாமல் வாங்கும் தந்திரத்தை அம்பலப்படுத்தும் கல்வி வேண்டும். ‘நூற்றுக்குப் பன்னிரண்டு’ என்ற மாதத் தவணைக் கடன் இந்தத் தந்திரத்தால் இருபதைத் தாண்டுவதை ஊர்தோறும் விளக்குவோம். சட்டத்தில் தனக்குள்ள உரிமையை ஒவ்வொரு பெண்ணும் அறியச் செய்வோம்.

நாம் கேட்பது இதுதான்:

1. செய்த வேலைக்கு உடனே கூலி, தாமதித்தால் நஷ்டஈடு.

2. நுண்கடன் வட்டிக்கு மீண்டும் வரம்பு.

3. பொதுத்துறைப் பாங்குகளிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஈடின்றிக் குறைந்த வட்டிக் கடன்.

4. 2003 கந்துவட்டிச் சட்டமும், கட்டாய வசூலுக்கு எதிராக 2025-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமும் கண்டிப்பாக அமலாக வேண்டும்.

தோழர்களே! தாய்மார்களே! கணக்குப் புத்தகம் நம் கையிலும் இருக்கட்டும். ஆனால் அதன் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது, நமக்கு வரவேண்டிய பாக்கி!